நோய் தீருவது வேறு, உடம்பு தேறுவது வேறு

கேள்வி: எனக்கு வயது 44. தஞ்சாவூர் பக்கம் ஒரு சிற்றூர். வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். நான்கு வருடமாக முடக்குவாதம். வாரம் ஒரு நாள் போடும் மாத்திரையும் தினசரி மாத்திரையும் கொடுத்தார்கள். வீக்கம் குறைந்தது. ஆனாலும் காலையில் விரல் மடங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. கத்தரி பிடித்தால் கட்டைவிரல் அடியில் உயிர் போகிறது. பத்து மணி நேரம் தூங்கி எழுந்தும் உடம்பு ஈரத் துணி மாதிரி கனக்கிறது. ஊர் மண்டபத்தில் காலை ஐந்தரை மணிக்கு யோகா வகுப்பு ஆரம்பித்ததும் நாத்தனார் என்னையும் சேர்த்துவிட்டார். நான்காம் நாள் சூரிய நமஸ்காரம் 12 சுற்று செய்தேன். மறுநாள் இரண்டு மணிக்கட்டும் வீங்கி மூன்று நாள் படுத்துவிட்டேன். "வலி வந்தால் நோய் வெளியே போகிறது என்று அர்த்தம், விடாமல் செய்யுங்கள், மூன்று மாதத்தில் மாத்திரையே வேண்டாம்" என்கிறார் வகுப்பு எடுப்பவர். மாமியாரோ, "மத்தியானம் மிஷின் மிதிக்க முடிகிறது, காலையில் ஒரு காபி போட முடியாதா" என்கிறார். வகுப்பின் தொடக்கத்தில் எல்லோரும் கைகூப்பும்போது நான் மட்டும் கையை மடியில் வைத்துக்கொண்டு அழுதுவிட்டேன். யோகாவால் எனக்குக் குணமாகுமா? தரையில் உட்கார முடியாத, கைகூப்பக்கூட முடியாத எனக்கு யோகா வருமா? பெயர் வேண்டாம்.
பி.கு.: மூன்று வாரமாக மாத்திரை போடவில்லை.

பதில்:

அன்புள்ள சகோதரி,

எல்லாவற்றையும் விவரமாக எழுதிவிட்டு, முக்கியமான செய்தியைப் பின்குறிப்பில் ஒளித்து வைத்திருக்கிறீர்கள். அதனால் நான் கடைசியிலிருந்து தொடங்குகிறேன்.

வாரம் ஒரு நாள் போடும் அந்த மாத்திரை மெத்தோட்ரெக்சேட்டாகத்தான் இருக்கும். நான் பிசியோதெரபிஸ்ட். மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ எனக்கு உரிமை கிடையாது. மூட்டுவாத நோயாளிகளோடு இருபது வருடமாக வேலை செய்கிறவள் என்ற முறையில் இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன். விட்டுப்போன மூன்று வாரத்துக்கும் சேர்த்து ஒரே நாளில் மூன்று மாத்திரை போட்டுச் சரிக்கட்டலாம் என்று நினைத்துவிடாதீர்கள். இந்த மருந்தில் அது விளையாட்டல்ல. வார மாத்திரையை தினமும் என்று தவறாகப் புரிந்துகொண்டு போட்டதில் எலும்பு மஜ்ஜை பாதித்து உயிருக்கே ஆபத்தில் போய் நின்றவர்கள் இருக்கிறார்கள். இரண்டாவது, எப்போது, எவ்வளவில் மறுபடி தொடங்குவது என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். ரத்த அணுக்கள், ஈரல் இரண்டுக்கும் பரிசோதனை எழுதுவார். எடுத்துவிட்டுத் தொடங்குங்கள். அதுவரை இந்தக் கடிதத்தில் நான் எழுதும் பயிற்சிகளில் மூச்சும் ஓய்வும் மட்டும் போதும். மற்றவை காத்திருக்கட்டும்.

எதற்கு இந்த அவசரம் என்று கேட்கலாம். வயதானால் வரும் தேய்மானமும் உங்களுக்கு வந்திருப்பதும் ஒன்றல்ல. முடக்குவாதத்தில் உடம்பின் காவல் படையே மூட்டின் உள்சவ்வை எதிரி என்று நினைத்துத் தாக்குகிறது. அந்தச் சவ்வு தடித்து, பக்கத்திலிருக்கும் குருத்தெலும்பையும் எலும்பையும் அரித்துவிடும். அரித்தது திரும்ப வளராது. நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் தெருவில் ஒரு பாட்டி இருந்தார். இரண்டு கையிலும் நான்கு விரல்களும் சுண்டுவிரல் பக்கமாகக் காற்றில் சாய்ந்த நாற்று மாதிரி சாய்ந்திருக்கும். டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத்தான் குடிப்பார். அது என்ன நோய் என்று பிசியோதெரபி படிக்கப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. மெத்தோட்ரெக்சேட்டை முடக்குவாதத்துக்குக் கொடுக்கலாம் என்று அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 1988இல்தான். பாட்டியின் விரல்கள் அதற்கு வெகு முன்பே சாய்ந்துவிட்டன. இன்று என்னிடம் வரும் நாற்பது வயதுப் பெண்களில் அப்படிப்பட்ட கைகளைப் பார்ப்பது அரிதாகிவிட்டது. அதற்குக் காரணம் யோகா அல்ல, பிசியோதெரபியும் அல்ல. சீக்கிரமே தொடங்கி விடாமல் எடுத்த மருந்துதான். இதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

சரி, இப்போது வகுப்புக்கு வருவோம்.

வலி வந்தால் நோய் வெளியே போகிறது என்பது சுத்தப் பொய். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். ஆரோக்கியமான உடம்பை மனதில் வைத்துச் சொல்லியிருப்பார். இருபது வயதுப் பையனுக்குப் புதிதாக உடற்பயிற்சி செய்த மறுநாள் தொடை வலித்தால் அது தசை வலி, இரண்டு நாளில் போய்விடும். உங்கள் மணிக்கட்டில் வந்தது வீக்கம். சூரிய நமஸ்காரத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு சுற்றில் 12 நிலைகள். அதில் பாதிக்கு மேல் உள்ளங்கை தரையில் ஊன்றி இருக்கும். மணிக்கட்டு செங்கோணமாகப் பின்னால் மடங்கி, அதன்மேல் உடம்பின் பாரம் இறங்கும். அதை 12 முறை, அதுவும் முடக்குவாதம் முதலில் பிடிக்கும் இடங்களில் ஒன்றான மணிக்கட்டில்! வீங்காமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

இப்போது நாம் மேடைகளிலும் போன்களிலும் பார்க்கிற பாய்ந்து பாய்ந்து செய்யும் யோகாவுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1930களில் மைசூர் அரண்மனை ஆதரவில் கிருஷ்ணமாச்சாரியார் என்ற யோக ஆசிரியர் ஒரு யோகசாலை நடத்தினார். அங்கே படித்தவர்கள் பெரும்பாலும் சிறுவர்களும் இளைஞர்களும். துள்ளுகிற உடம்புகளுக்கு ஏற்ற மாதிரி வேகமாக, வரிசையாகச் சொல்லிக்கொடுத்தார். பிறகு அவர் சென்னைக்கு வந்தார். இங்கே அவரைத் தேடி வந்தவர்களில் நோயாளிகள் நிறையப் பேர். அவர்களுக்கு அவர் மைசூர்ப் பாடத்தைச் சொல்லவில்லை. ஒவ்வொருவரையும் தனியாக உட்காரவைத்து, அந்த உடம்புக்கு என்ன முடியுமோ அதை மூச்சோடு சேர்த்துக் கொடுத்தார். அவருடைய மகன் தேசிகாச்சார் 1976இல் தொடங்கிய கிருஷ்ணமாச்சாரியா யோக மந்திரம் சென்னையில் இன்னும் அந்த வழியில்தான் போகிறது. உங்களுக்கு வேண்டியது அந்தச் சென்னைப் பாடம். ஊர் மண்டபத்தில் நாற்பது பேரை நிறுத்திவைத்துச் சொல்லிக்கொடுப்பது மைசூர்ப் பாடம். இரண்டும் யோகாதான், ஆனால் ஒருவருடைய அளவு ரவிக்கை இன்னொருவருக்குப் பொருந்தாது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

குணமாகுமா என்று கேட்டிருந்தீர்கள். நம் பேச்சில் இரண்டு வார்த்தைகள் உண்டு. நோய் தீர்ந்துபோச்சு என்போம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவரைப் பார்த்து உடம்பு தேறிட்டியா என்றும் கேட்போம். முடக்குவாதத்தை யோகா தீர்க்காது. தீர்க்கும் என்று யார் சொன்னாலும், எவ்வளவு பெரிய மேடையிலிருந்து சொன்னாலும், நம்ப வேண்டாம். மருந்துகூட நோயை அடக்கி வைக்கிறதே தவிர வேரோடு பிடுங்குவதில்லை. ஆனால் அடங்கிய நோயோடு இருக்கிற உடம்பு தேறலாம். தூக்கம் சேரலாம், அசதி குறையலாம், தோள் மேலே போகலாம், பயம் விலகலாம். இந்த இடத்தில் யோகாவுக்கு நிஜமாகவே வேலை இருக்கிறது.

டெல்லி எய்ம்ஸில் நடந்த ஓர் ஆய்வு 2019இல் வெளியானது. முடக்குவாதம் தீவிரமாக இருந்த 72 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பாதிப் பேருக்கு 8 வாரம் யோகா, மறுபாதிக்கு இல்லை. யோகா செய்தவர்களுக்கு நோயின் தீவிரமும் மனச்சோர்வும் குறைந்தன, ரத்தத்தில் வீக்கத்தைக் காட்டும் அளவுகளும் இறங்கின. நல்ல செய்திதான். ஆனால் இந்த ஆய்வைக் காட்டிப் பேசுகிறவர்கள் விழுங்கிவிடும் பகுதி ஒன்று உண்டு. இரண்டு பக்கத்திலும் எல்லோரும் வழக்கமான மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிட்டார்கள். மாத்திரைக்குப் பதிலாக யோகா என்று அங்கே யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

அடுத்தது நேரம். யோகா என்றாலே பிரம்ம முகூர்த்தம், வெறும் வயிறு, குளித்துவிட்டு என்று ஒரு படம் நம் மனதில் இருக்கிறது. உங்கள் வகுப்பும் காலை ஐந்தரை மணி என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் நோய்க்கு அதைவிடத் தப்பான நேரம் கிடையாது. வீக்கத்தைக் கிளப்பும் வேதிப்பொருள்கள் ரத்தத்தில் விடியற்காலையில்தான் உச்சத்துக்குப் போகின்றன. உங்கள் விரல் காலையில் விறைத்துக்கொண்டு மத்தியானம் இளகுவதற்கு இதுதான் காரணம். மாமியாரின் கேள்விக்கும் இதுவே பதில். காலை ஆறு மணிக்கு இருக்கிற கையும் மத்தியானம் இரண்டு மணிக்கு இருக்கிற கையும் ஒரே கை அல்ல. அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். மருமகள் சொன்னால் சாக்கு, டாக்டர் சொன்னால் நோய் என்று நினைப்பவர்கள் நம் வீடுகளில் உண்டு. சண்டை போட்டுப் புரியவைப்பதைவிட இது சுலபம்.

ஆகவே உங்கள் யோகா நேரம் காலை பதினொரு மணி. இல்லையென்றால் மாலை நான்கு மணி. சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். காலையில் எழுந்ததும் வேறொரு வேலை. ஒரு அகலமான பாத்திரத்தில் கை தாங்குகிற சூட்டில் வெந்நீர் ஊற்றி, இரண்டு கையையும் மணிக்கட்டு வரை வைத்து, தண்ணீருக்குள்ளேயே விரல்களை மெல்ல மடக்கி விரித்துக்கொண்டிருங்கள். பத்து நிமிடம் போதும். இதற்கு யாரும் ஆசனம் என்று பெயர் வைக்கவில்லை. ஆனால் என்னிடம் வருபவர்களில் அதிகம் பேர் விடாமல் செய்வது இதைத்தான்.

தரையில் உட்கார முடியாது என்றீர்கள். உட்கார வேண்டாம். கை வைக்காத ஒரு நாற்காலி எடுங்கள். பிளாஸ்டிக் நாற்காலிதான் இருக்கிறது என்றால் வழுக்காமல் இருக்க அதன் முதுகு சுவரில் முட்டுகிற மாதிரி போடுங்கள். நுனிக்கு வந்து, பாதம் இரண்டும் தரையில் முழுதாகப் பதிய உட்காருங்கள். கால் எட்டவில்லை என்றால் கீழே பழைய பேரேடு இரண்டை அடுக்கிக்கொள்ளுங்கள்.

முதல் ஐந்து நிமிடம் மூச்சு மட்டும். இழுப்பதைப் பற்றிக் கவலைப்படாமல், விடுவதை மட்டும் கொஞ்சம் நீட்டுங்கள். மூன்று எண்ணும் வரை உள்ளே, ஐந்து எண்ணும் வரை வெளியே. அடக்க வேண்டாம். அப்புறம் கைகள். தொடைமேல் இருக்கும் கைகளை மூச்சு உள்ளே போகும்போது முன்பக்கமாக உயர்த்தி, வெளியே வரும்போது இறக்குங்கள். தோள் எங்கே நிற்கச் சொல்கிறதோ அங்கே நிற்க வேண்டும். காதுவரை போனால் சரி, மார்புவரைதான் போகிறது என்றாலும் சரி. ஆறு முறை. கை மூச்சைவிட முந்திப் போகக்கூடாது என்பது மட்டும்தான் இதில் கண்டிப்பு.

அடுத்து முதுகு. மண்டபத்தில் பூனை மாதிரி நான்கு காலில் நின்று முதுகை வளைத்து நிமிர்த்தச் சொல்லியிருப்பார்கள். அதையே நாற்காலியில் செய்யலாம். கைகள் தொடைமேல். மூச்சை விடும்போது தொப்புளை உள்ளே இழுத்து முதுகைச் சற்றுக் கூனாக்குங்கள், இழுக்கும்போது மார்பை முன்னால் கொண்டுவாருங்கள். தலை முதுகோடு சேர்ந்து போகட்டும், தனியாகத் தொங்கவிட வேண்டாம். நாள் முழுதும் மிஷினுக்கு முன்னால் குனிந்திருக்கும் உங்களுக்கு இது ஒன்றே பாதி மருந்து. ஸ்டீராய்டு மாத்திரை நீண்ட நாள் சாப்பிட்டிருந்தால் கூனுவதை மிகக் குறைவாக வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டீராய்டு எலும்பை மெலிதாக்கும். முன்னால் ஆழமாக வளைந்து குனிவது மெலிந்த முதுகெலும்பு தாங்காத வேலை. எலும்பு அடர்த்திப் பரிசோதனை இதுவரை எடுக்கவில்லை என்றால் டாக்டரிடம் கேளுங்கள்.

பிறகு எழுந்து சுவருக்கு முன்னால் நில்லுங்கள். உள்ளங்கையை ஊன்றாமல், முழங்கையிலிருந்து சுண்டுவிரல் வரைக்குமான பகுதியைச் சுவரில் பதித்துக்கொண்டு, ஒரு அடி பின்னால் நகர்ந்து, முதுகு நீளும்வரை இடுப்பைப் பின்னுக்குத் தள்ளுங்கள். மண்டபத்தில் தலைகீழ் 'வி' மாதிரி செய்தது நினைவிருக்கிறதா? அதே நீட்சிதான் இது, மணிக்கட்டுக்கு மட்டும் பாரமில்லை. மூன்று நீண்ட மூச்சு. போதும்.

கடைசியில் படுக்கை. கட்டிலில் படுத்து முட்டிக்கு அடியில் தலையணை வைத்துக்கொண்டு பத்து நிமிடம் சவாசனம். கண்ணை மூடி, கால் விரலிலிருந்து ஒவ்வொரு இடமாக மனதால் தொட்டுக்கொண்டு வாருங்கள். வலிக்கிற மூட்டிலேயே போய் உட்கார்ந்துகொள்ள வேண்டாம். வலிக்காத இடங்களும் இருக்கின்றன, அவற்றையும் விசாரித்துவிட்டு வாருங்கள். ஒரு எச்சரிக்கை: அந்தத் தலையணையை எழுந்ததும் எடுத்துவிட வேண்டும். சுகமாக இருக்கிறது என்று இரவெல்லாம் முட்டிக்கு அடியிலேயே வைத்துத் தூங்கினால், முட்டி மடங்கிய நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். பிறகு நேராக நீட்டவே வராது. இந்த ஒரு தலையணையால் நடை கெட்டுப்போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

எல்லாம் சேர்த்து இருபத்தைந்து நிமிடம்தான். முதல் இரண்டு வாரம் இதில் பாதியைச் செய்தாலே அதிகம்.

மூச்சுப் பயிற்சிகளில் பிராமரி உங்களுக்கு நன்றாக ஒத்துவரும். உதட்டை மூடிக்கொண்டு வண்டு மாதிரி ரீங்கரிப்பது, அவ்வளவுதான். காதைப் பொத்தக் கையைத் தூக்கினால் தோள் வலிக்கும் என்றால் பொத்தாமலே செய்யுங்கள். மூக்கின் ஒரு துளையை மாற்றி ஒரு துளையால் மூச்சு விடும் நாடிசுத்தியில் விரலை மடக்கி மூக்கைப் பிடிக்கும் முத்திரை விறைத்த விரல்களுக்குத் தண்டனை. அதை விட்டுவிடலாம். கபாலபாதி, பஸ்திரிகா மாதிரி வேகமாக ஊதுகிற பயிற்சிகள் இப்போதைக்கு வேண்டாம். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சாதாரணமாக மூச்சு விடும்போதே மூச்சு வாங்குகிறது, வறட்டு இருமல் விடாமல் இருக்கிறது என்றால் பயிற்சி போதவில்லை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். முடக்குவாதமும் சரி, மெத்தோட்ரெக்சேட்டும் சரி, சிலருக்கு நுரையீரலைத் தொடும். நேராக டாக்டரிடம் போங்கள்.

செய்யக்கூடாதவற்றில் ஒன்றை மட்டும் நிறுத்திச் சொல்ல வேண்டும், கழுத்து. மண்டை ஓட்டுக்கு அடியில் இருக்கும் முதல் இரண்டு கழுத்தெலும்புகளைச் சேர்த்துக் கட்டியிருக்கிற நார்களை இந்த நோய் சிலருக்குத் தளர்த்திவிடும். வெளியே எதுவும் தெரியாது. அந்தக் கழுத்தில் உடம்பின் பாரத்தை ஏற்றினாலோ, சுற்றித் திருப்பினாலோ, உள்ளே போகும் தண்டுவடம் நசுங்கலாம். ஆகவே சிரசாசனம், சர்வாங்காசனம், ஹலாசனம், தலையைப் பின்னால் சாய்க்கும் மத்ஸ்யாசனம், கழுத்தை வட்டமாகச் சுழற்றுவது எதுவும் வேண்டாம், இப்போதும் வேண்டாம், தேறிய பிறகும் வேண்டாம். பின்மண்டையில் வலி, கையில் மதமதப்பு, தலையைக் குனிந்தால் ஷாக் அடித்த மாதிரி முதுகில் ஓடுவது இவற்றில் எது இருந்தாலும் டாக்டரிடம் சொல்லுங்கள். கழுத்தைக் குனியவும் நிமிரவும் வைத்து எக்ஸ்-ரே எடுத்துப் பார்ப்பார்கள். முட்டி வீங்கியிருக்கும் நாளில், காலை மடக்கிக் குதிகால்மேல் உட்காரும் வஜ்ராசனமும் கூடாது. ஜீரணத்துக்கு நல்லது என்று யாராவது சொல்வார்கள். ஜீரணத்துக்கு வேறு வழி இருக்கிறது.

எவ்வளவு செய்தால் அதிகம் என்று எப்படித் தெரியும்? செய்யும்போது தெரியாது, அதுதான் இந்த நோயின் தந்திரம். உடம்பு சூடாகி, செய்யும்போது சுகமாகத்தான் இருக்கும். பயிற்சி முடிந்து இரண்டு மணி நேரத்துக்குப் பிறகும் வலி முன்னைவிட அதிகமாக இருந்தால் அன்று செய்தது அதிகம். அதைவிட நல்ல சாட்சி மறுநாள் காலை. உங்களிடம் அளவு எழுதும் நோட்டு இருக்குமே, அதன் கடைசிப் பக்கத்தில் தினமும் ஒன்றை மட்டும் எழுதுங்கள்: கத்தரியை முழுதாக மூடித் திறக்கக் கை வந்தது எத்தனை மணிக்கு? எட்டேகால், எட்டரை, எட்டு என்று எழுதிக்கொண்டே போங்கள். ஒரு நாள் ஒன்பதரை என்று எழுத வேண்டி வந்தால் முந்தின நாள் என்ன செய்தோம் என்று யோசியுங்கள். அது யோகாவாகவும் இருக்கலாம், தீபாவளி அவசரத்தில் தைத்த இருபது ரவிக்கையாகவும் இருக்கலாம். இந்தப் பக்கத்தை டாக்டரிடம் காட்டுங்கள். காலை விறைப்பு எவ்வளவு நேரம் என்று அவர் ஒவ்வொரு முறையும் கேட்பது இதைத்தான்.

இந்த மறுநாள் சாட்சியை நான் ஒருவரிடம் தப்பு செய்துதான் கற்றுக்கொண்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிது. முட்டி மடங்காத ஒருவர் வந்தார். என்னைவிட முப்பது வயது மூத்தவர், மறுப்பே சொல்லாதவர். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று பிடித்து மடக்கினேன். என் கண் முன்னால் முட்டி பத்து டிகிரி கூடுதலாக மடங்கியது. எனக்கு ஒரே பெருமை. அடுத்த வாரம் அவர் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. மகன் வந்து, அப்பா நான்கு நாள் எழுந்திருக்கவே இல்லை என்றார். கோபப்படக்கூட இல்லை, தகவல் சொல்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து, சூடாகச் சிவந்து வீங்கியிருக்கும் மூட்டை நான் இழுத்ததே இல்லை. நீங்களும் யாரையும் இழுக்கவிடாதீர்கள், அவர் எத்தனை வருட அனுபவசாலியாக இருந்தாலும்.

அப்படி நோய் கிளம்பும் நாள்கள் வரும். மருந்து, யோகா எல்லாம் ஒழுங்காக இருந்தாலும் வரும். நீங்கள் எங்கோ தப்பு செய்துவிட்டீர்கள் என்று அதற்கு அர்த்தமில்லை. அன்று நீட்டுவதும் மடக்குவதும் பயிற்சிக்காக வேண்டாம். ஒவ்வொரு மூட்டையும் வலிக்காத அளவுக்குள் நாளில் இரண்டு மூன்று முறை அசைத்துவிட்டால் போதும், பிடித்துக்கொள்ளாமல் இருப்பதற்காக மட்டும். மீதி நேரம் நீண்ட மூச்சும் படுக்கையும். அன்று செய்யாமல் இருப்பதையும் பயிற்சியில் சேர்த்தே எண்ணுகிறேன் நான். அசதியும் அப்படித்தான். பத்து மணி நேரம் தூங்கி எழுந்தும் உடம்பு ஈரத் துணி மாதிரி கனக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அது சோம்பேறித்தனம் இல்லை, நோயின் ஒரு பகுதி. வீக்கம் கட்டுக்குள் வந்தால் அதுவும் பெருமளவு குறையும்.

தையலை விடச் சொல்லமாட்டேன். காஜா எடுப்பது, கொக்கி வைப்பது மாதிரி விரல் நுனி வேலைகளைப் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கூலிக்குக் கொடுக்க முடிந்தால் கொடுங்கள். கத்தரியின் பிடியில் துணி சுற்றித் தடிமனாக்குங்கள். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நாற்காலி மூச்சில் நான்கைச் செய்துவிட்டு வாருங்கள். மிஷினுக்கு மோட்டார் போட முடிந்தால் கணுக்கால் வாழ்த்தும். துணி பிழிவதை வீட்டில் வேறு யாராவது செய்யட்டும், முறுக்கிப் பிழிவதைப்போல விரல் கணுக்களைக் கெடுக்கும் வேலை வேறில்லை.

வகுப்புக்கு மறுபடி போவதா வேண்டாமா என்பது அந்த ஆசிரியர் கையில் இருக்கிறது. போய், எனக்கு முடக்குவாதம், நாற்காலி போட்டு இவ்வளவுதான் செய்வேன் என்று சொல்லிப் பாருங்கள். சரி என்று ஒரு மூலையில் இடம் கொடுத்தால் நல்ல மனிதர், தாராளமாகப் போங்கள். நாலு பேர் சேர்ந்து செய்யும்போது வரும் தெம்பு தனியாக வராது. மாத்திரைப் பேச்சை மறுபடி எடுத்தால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். தனியாகக் கற்றுக்கொள்ள வேண்டுமென்றால், தமிழ்நாட்டின் பல அரசு மருத்துவமனைகளில் யோகா, இயற்கை மருத்துவத்துக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. அங்கே இருப்பவர்கள் ஐந்தரை வருடம் அதையே பட்டப்படிப்பாகப் படித்த மருத்துவர்கள். சீட்டுப் போட்டுவிட்டுப் போகலாம். உங்கள் மாத்திரைப் பட்டியலையும் ரத்தப் பரிசோதனைத் தாள்களையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள்.

கும்பிடுவதைப் பற்றி எழுதும்போதுதான் நினைவு வருகிறது. கைகூப்பக்கூட முடியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். வகுப்பின் தொடக்கத்தில் எல்லோரும் கைகூப்பும்போது நீங்கள் மட்டும் கையை மடியில் வைத்துக்கொண்டு அழுதுவிட்டதாகவும். உள்ளங்கையோடு உள்ளங்கை அழுந்தச் சேர்ப்பது வீங்கிய மணிக்கட்டுக்கு மண்டபத்தில் செய்ததைப் போன்ற அதே செங்கோண மடிப்புதான். அதனால்தான் வலிக்கிறது. முழங்கைகளை விலாவை ஒட்டி இறக்கி, விரல் நுனிகள் மட்டும் தொடுகிற மாதிரி, நடுவில் ஒரு எலுமிச்சம்பழம் இருப்பதாக நினைத்துச் சேர்த்துப் பாருங்கள். அதுவும் முடியாத காலையில் கை மடியிலேயே இருக்கட்டும்.

இந்தப் பதில் அச்சாகி உங்கள் கைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்று பின்குறிப்புக்கான பதிலை மட்டும் தனியாகத் தபாலில் அனுப்பிவிட்டேன். கிடைத்திருக்கும். டாக்டரிடம் போகும்போது விட்டுப்போன மூன்று வாரத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஒழுங்காகப் போட்டேன் என்று சொல்லிவிட்டால், மாத்திரை வேலை செய்யவில்லை என்று நினைத்து அவர் அளவைக் கூட்டிவிடுவார். திட்டினால் திட்டட்டும், வாங்கிக்கொள்ளுங்கள்.